‘ஆர்லாண்டோ’வைப் படிப்பது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழின் நூல் பக்கத்தில் ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் எழுதிய ‘ஆர்லாண்டோ’ நாவலைப் பரிந்துரைத்திருந்தோம். முதல் எலிசபெத் ராணியின் காலத்தில் 16 வயதுப் பையனாக அறிமுகமாகி, வழியில் பெண்ணாக மாறி, 1928ஆம் ஆண்டில் 36 வயதில் வந்து நிற்கும் ஒருவரின் கதை அது. படிக்கத் தொடங்கிய பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் சிலவற்றுக்கு நூல் பகுதிக் குழுவின் பதில்கள் இங்கே.

*முதல் அத்தியாயத்தை ஆசையாகப் படித்தேன். இரண்டாவதில் கதை அப்படியே நின்றுவிட்டது. திரும்ப எடுத்தாலும் அதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறேன். என்ன செய்யலாம்?*
— கல்லூரி மாணவி, திருச்சி

பெரும்பாலானவர்கள் இந்த நாவலைக் கைவிடுவது அதே இடத்தில்தான். காரணம் எளிது. முதல் அத்தியாயத்தில் ராணி வருகிறாள், தேம்ஸ் நதி உறைகிறது, ரஷ்ய இளவரசி சாஷா வருகிறாள், காதல், ஏமாற்றம், வெள்ளம் என்று சம்பவங்கள் குவிந்து கிடக்கின்றன. அந்த வேகத்திலேயே இரண்டாவதுக்குள் நுழைந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அங்கே ஆர்லாண்டோ 7 நாள் தொடர்ந்து தூங்குகிறான். எழுந்ததும் முன்னோர்களின் கல்லறைக்குள் இறங்கி எலும்புகளைப் பார்க்கிறான், படிக்கிறான், எழுதுகிறான். ஏறக்குறைய வேறொன்றும் நடப்பதில்லை.

இப்படிச் செய்து பாருங்கள். முதல் அத்தியாயத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, ரஷ்யக் கப்பல் கடலுக்குள் போகும் இடத்தில் புத்தகத்தை மூடிவிடுங்கள். அன்றைக்கு அது போதும். இரண்டாவதை ஒரே நாளில் படிக்க வேண்டாம், மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள், தூக்கத்திலிருந்து கவிஞன் நிக் கிரீன் வரும் வரை. இரண்டாம் நாள், கிரீன் விருந்துண்டு போய், விருந்தளித்தவனையே கிண்டல் செய்து எழுதும் பகுதியும், மனமுடைந்த ஆர்லாண்டோ தன் 57 படைப்புகளை எரித்துவிட்டு ‘ஓக் மரம்’ என்ற கவிதையை மட்டும் வைத்துக்கொள்வதும். மூன்றாம் நாள், வீட்டை அலங்கரிப்பதும் ஆர்ச்டச்சஸ் என்ற பட்டம் கொண்ட சீமாட்டியின் வருகையும்.

பிறகு மூன்று விஷயங்களை மட்டும் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்த ஓக் மரக் கவிதையின் கைப்பிரதி, அந்த வீடு, நிக் கிரீன். இவை மூன்றும் கடைசி அத்தியாயம் வரை உங்களோடு வரும். உதாரணத்துக்குக் கிரீனை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் அத்தியாயத்தில், இங்கிலாந்தில் கவிதை செத்துவிட்டது, பெரிய காலமெல்லாம் கிரேக்கர்களோடு போய்விட்டது என்று சொல்லி ஷேக்ஸ்பியரையும் மார்லோவையும் மட்டம் தட்டுகிறான். ஆறாம் அத்தியாயத்தில் அதே ஆள் ‘சர்’ பட்டம் பெற்ற பெரிய விமர்சகராகத் திரும்பி வருகிறார். அதே புலம்பல்தான். ஆனால் இப்போது ஷேக்ஸ்பியரும் மார்லோவும் மாமேதைகள், இன்று எழுதுகிறவர்கள்தான் தேறாதவர்கள்! இரண்டு பக்கங்களிலும் பென்சிலால் கோடு போட்டு அடுத்தடுத்து படித்துப் பாருங்கள். நூற்றாண்டுகளைக் கடக்கும் நாவலில் மட்டுமே கிடைக்கக்கூடிய சுவை அது. இரண்டாம் அத்தியாயத்தில் கிரீனைத் தாண்டிக் குதித்தவருக்கு ஆறாம் அத்தியாயத்தில் அது கிடைக்காது.

*16 வயதில் தொடங்கியவர் 300 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் 36 வயதுதான் ஆகிறது. கணக்கு போட்டுப் பார்த்துத் தலை சுற்றுகிறது. ஏதாவது சூட்சுமம் இருக்கிறதா?*
— ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கும்பகோணம்

மந்திரம், வரம், சாபம் என்று எதுவும் சொல்லப்படவில்லை. அதைத் தேடிக்கொண்டே போனால் கடைசிப் பக்கம் வரை காத்திருக்க வேண்டியதுதான். புத்தகம் தருவது இரண்டு கடிகாரங்களை. ஒன்று ஊருக்கானது, அதில் மன்னர்கள் மாறுகிறார்கள், நூற்றாண்டு திரும்புகிறது. மற்றது மனசுக்கானது. மனத்துக்குள் புகுந்த ஒரு மணி நேரம் கடிகாரம் காட்டுவதைப்போல் 50 மடங்கு, 100 மடங்கு நீளலாம், ஒரு நொடியாகச் சுருங்கவும் செய்யலாம் என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே உல்ஃப் சொல்லிவிடுகிறார். ஓக் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பகுதியில் வருகிறது அது. அந்தப் பக்கத்துக்கு ஓர் அடையாளத் தாள் வையுங்கள்.

கணக்குப் போடும் பழக்கத்தை விட முடியாதென்றால், போட வேண்டிய கணக்கு வேறு. ஆர்லாண்டோவுக்கு வயது குறிக்கப்படும் இடங்களைப் பாருங்கள்: தொடக்கத்தில் 16, பெண்ணாக மாறும்போது 30, முடிவில் 36. அதாவது முதல் 14 வயது நகர்வதற்குச் சுமார் 100 ஆண்டு ஆகிறது. அடுத்த 6 வயதுக்கு 200 ஆண்டுக்கு மேல். பெண்ணான பிறகு வயது இன்னும் மெதுவாகக் கூடுகிறது. ஐந்தாம் அத்தியாயத்தில் அவள் கைப்பிரதியின் முதல் பக்கத்தைப் புரட்டுகிறாள். சிறுவயதுக் கையெழுத்தில் 1586 என்று தேதி. ஒரே கவிதையை ஏறத்தாழ 300 ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருப்பது அவளுக்கே அப்போதுதான் உறைக்கிறது. நாவலின் நிஜமான நாட்காட்டி அந்தக் கைப்பிரதிதான்.

*தேம்ஸ் நதி உறைந்ததாக வரும் காட்சி கற்பனையா, நடந்ததா?*
— வாசகர், தூத்துக்குடி

நடந்தது. 1607–08 குளிர்காலத்தில் லண்டனில் தேம்ஸ் உறைந்து, மக்கள் அதன்மேல் நடந்தார்கள், கடை போட்டார்கள். அன்றிருந்த பழைய லண்டன் பாலத்துக்குக் குறுகலான கண்கள் பல. நீரோட்டம் அதில் தடைப்பட்டதால் நதி உறைவது எளிதாக இருந்தது. 1831இல் அந்தப் பாலத்தை இடித்தார்கள். லண்டனில் நதியின் மேல் கடைசியாகப் பனிச்சந்தை கூடியது 1814இல்.

உல்ஃப் இந்த உண்மையை எடுத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. முதலில் நம்பக்கூடிய குளிர். பிறகு பறவைகள் நடுவானில் உறைந்து கல்லாக விழுகின்றன. பிறகு நார்விச் ஊரில் தெருவைக் கடக்கத் தொடங்கிய ஒரு திடகாத்திரமான பெண், தெருமுனைக் காற்று பட்டதும் எல்லார் கண்முன்னும் பொடியாகிக் கூரைகளுக்கு மேல் பறந்துபோகிறாள். கொஞ்சம் தள்ளி, முந்தைய இலையுதிர் காலத்தில் மூழ்கிய படகு ஒன்று 20 பாகம் ஆழத்தில் பனிக்கட்டி வழியே தெரிகிறது. அதில் ஒரு பழக்காரக் கிழவி மடி நிறைய ஆப்பிளோடு, அடுத்து யாருக்கோ எடுத்துக் கொடுக்கப் போகிறவளைப்போல உட்கார்ந்திருக்கிறாள். உதட்டில் மட்டும் லேசான நீலம்.

20 பாகம் என்றால் 120 அடி. லண்டனில் தேம்ஸ் அவ்வளவு ஆழம் கிடையாது. ஆனாலும் நம்புகிறோம். ஏன்? ஊர்ப்பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, உதட்டின் நிறம் இருக்கிறது. பத்திரிகைச் செய்தி எழுதுகிறவரின் நிதானத்தோடு பொய் சொல்லப்படுகிறது. மிகு கற்பனை எழுத நினைக்கும் இளைஞர்கள் இந்த ஒரு பத்தியைக் கையால் எழுதிப் பார்க்க வேண்டும். அசாத்தியமான விஷயத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அளவையோ சாதாரணப் பொருளையோ வைத்தால் போதும். உரிச்சொற்களை அடுக்கத் தேவையே இல்லை என்று விரல்களுக்குப் புரியும்.

*இங்கிலாந்து வரலாறு எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு வந்தால்தான் ரசிக்க முடியுமா?*
— இல்லத்தரசி, ஈரோடு

வேண்டாம். ஒரு துண்டுத் தாளில் இதை மட்டும் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அத்தியாயம் 1: எலிசபெத் ராணியின் கடைசிக் காலமும் ஜேம்ஸ் மன்னர் காலமும். 2: 17ஆம் நூற்றாண்டு. 3: இரண்டாம் சார்லஸ் மன்னரின் தூதராகக் கான்ஸ்டாண்டிநோபிள், அதாவது இன்றைய இஸ்தான்புல். 4: 18ஆம் நூற்றாண்டு. 5: விக்டோரியா காலம். 6: அங்கிருந்து 1928 அக்டோபர் 11 வியாழக்கிழமை நள்ளிரவு வரை. நாவல் கடைகளுக்கு வந்ததும் அதே 1928 அக்டோபர் 11தான். முதல் வாசகர்களுக்குக் கடைசிப் பக்கத்தில் அவர்கள் வாழ்ந்துகொண்டிருந்த நாளே காத்திருந்தது.

காலம் மாறுவதை மன்னர்களின் பெயரை வைத்துப் பிடிக்காதீர்கள், வானிலையை வைத்துப் பிடியுங்கள். நான்காம் அத்தியாயத்தின் முடிவில் நள்ளிரவு மணி அடிக்கும்போது ஒரு கருமேகம் லண்டனை மூடுகிறது. 18ஆம் நூற்றாண்டு முடிகிறது. ஐந்தாம் அத்தியாயத்தில் ஈரம் எல்லாவற்றிலும் ஏறுகிறது. மரச்சாமான்கள் ஊறுகின்றன, சுவரெல்லாம் ஐவி கொடி படர்கிறது, ஆண்கள் தாடி வளர்க்கிறார்கள், பெண்கள் 19 வயதில் மணமுடித்து 30 வயதுக்குள் 15, 18 பிள்ளை பெறுகிறார்கள். ஆர்லாண்டோவின் மோதிர விரல் கல்யாணத்துக்காகக் குறுகுறுக்கிறது. குளிரும் ஈரமும் சட்டமாகவும் சம்பிரதாயமாகவும் மாறும் விதத்தை ஒரு வரலாற்றுப் பாடநூல் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

நான்காம் அத்தியாயத்தில் போப், அடிசன், ஸ்விஃப்ட் ஆகிய எழுத்தாளர்கள் வரும் பக்கங்கள் அவர்களைப் படித்திராதவர்களுக்குக் கொஞ்சம் வறட்சியாக இருக்கும். அங்கே மட்டும் வேகமாகப் புரட்டலாம், தவறில்லை.

*தூங்கி எழுந்ததும் ஆண் பெண்ணாகிவிடுகிறான். காரணம், விளக்கம் எதுவுமே இல்லை. இது எழுத்தாளரின் குறை இல்லையா?*
— வழக்கறிஞர், மதுரை

குறை என்று நாங்கள் நினைக்கவில்லை. மூன்றாம் அத்தியாயத்தின் அமைப்பைப் பாருங்கள். கலவரத் தீயில் ஆவணங்கள் கருகிவிட்டன என்று சொல்லி, ஒரு கடற்படை அதிகாரியின் நாட்குறிப்பு, ஒரு பெண்ணின் கடிதம் என்று ஓட்டையும் கிழிசலுமாகத் தருகிறார். மிக முக்கியமான இடத்தில் தூய்மை, கற்பு, அடக்கம் என்ற மூன்று பெண் உருவங்கள் வந்து உண்மையை மூடி மறைக்கப் பார்க்கின்றன. எக்காளங்கள் அவர்களை விரட்டுகின்றன. ஆர்லாண்டோ எழுகிறாள், கண்ணாடியில் பார்க்கிறாள், பதறாமல் குளிக்கப் போகிறாள். உடல் மாறியது, ஆள் மாறவில்லை என்பது ஒரே வாக்கியத்தில் முடிகிறது. காரணம் சொல்லியிருந்தால் வாசகர் கவனம் காரணத்தில் போயிருக்கும். மாற்றத்துக்குப் பின் உலகம் அவளை எப்படி நடத்துகிறது என்பதில்தான் உல்ஃப் நம் கண்ணை நிறுத்துகிறார்.

அது உங்கள் துறை சம்பந்தப்பட்டது என்பதால் விரிவாகச் சொல்கிறோம். ஊர் திரும்பியதும் அவள்மேல் வழக்குகள். ஒன்று, அவள் இறந்துவிட்டாள், ஆகவே சொத்து வைத்திருக்க முடியாது. இரண்டு, அவள் பெண். அதுவும் கிட்டத்தட்ட அதே கதிதான். மூன்று, அவள் ஒரு டியூக். ரோசினா பெப்பிட்டா என்ற நடனக்காரியை மணந்து மூன்று மகன்கள். அவர்கள் இப்போது சொத்து கேட்கிறார்கள். தீர்ப்பு வருவது அடுத்த நூற்றாண்டில். பெண்தான் என்று சட்டம் உறுதி செய்கிறது. வழக்குச் செலவில் செல்வம் கரைந்துவிடுகிறது.

இதற்குப் பின்னால் உண்மைச் சம்பவம் உண்டு. நாவல் சமர்ப்பிக்கப்பட்டிருப்பது விட்டா சாக்வில்-வெஸ்ட் என்ற எழுத்தாளருக்கு, உல்ஃபின் அன்புக்குரியவர். விட்டாவின் பாட்டி பெப்பிட்டா என்ற ஸ்பானிய நடனக்கலைஞர். பெப்பிட்டாவின் பிள்ளைகளின் வாரிசுரிமை பற்றிய வழக்கு 1910இல் லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தது. கென்ட் பகுதியில் இருக்கும் நோல் என்ற மாபெரும் வீட்டில் வளர்ந்தவர் விட்டா. ஒரே மகள். 1928 ஜனவரியில் தந்தை இறந்தபோது, பெண் என்பதால் வீடு அவருக்கு வரவில்லை, சித்தப்பாவுக்குப் போனது. நாவலில் 365 படுக்கையறையும் 52 படிக்கட்டும் உள்ள வீட்டை ஆர்லாண்டோ கடைசி வரை தன்னிடமே வைத்திருக்கிறாள். பரம்பரை வழக்கம் பறித்ததை உல்ஃப் கதையில் திருப்பிக் கொடுத்தார். இந்த நாவலின் கைப்பிரதியும் பின்னர் அதே நோல் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது.

*அட்டையில் ‘ஒரு வாழ்க்கை வரலாறு’ என்று போட்டிருக்கிறது. முன்னுரையில் நன்றி, பின்னால் பெயர் அகராதி, நடுவில் புகைப்படம். எது நிஜம்?*
— நூலகர், காரைக்குடி

எல்லாம் திட்டமிட்ட வேஷம். ஆர்லாண்டோ என்று காட்டப்படும் புகைப்படங்களில் இருப்பவர் விட்டா. ரஷ்ய இளவரசியாகச் சிறுமி வேடத்தில் நிற்பது உல்ஃபின் அக்காள் மகள். துணைத்தலைப்பை நம்பிய புத்தகக் கடைக்காரர்கள் வாழ்க்கை வரலாற்று அலமாரியில்தான் வைப்போம் என்றார்கள். விற்பனை விழுந்துவிடும் என்று உல்ஃப் தன் நாட்குறிப்பில் கவலைப்பட்டார். விழவில்லை. முதல் 6 மாதத்தில் 8,000 பிரதிக்கு மேல் போயிற்று. உங்கள் நூலகத்தில் நாவல் வரிசையிலேயே வையுங்கள்.

*எந்தப் பதிப்பு வாங்கலாம்? என் ஆங்கிலம் சுமார்தான்.*
— வங்கி ஊழியர், கோவை

உல்ஃப் 1941இல் காலமானார். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு என்ற நம் சட்டப்படி இந்தியாவில் 2002 முதல் பதிப்புரிமை இல்லை. அதனால் மலிவுப் பதிப்புகள் நிறைய. வாங்குமுன் மூன்றைப் பாருங்கள்: 8 படங்களும் இருக்கின்றனவா, பின்னால் பெயர் அகராதி இருக்கிறதா, முன்னால் ஆசிரியரின் முன்னுரை இருக்கிறதா. அவசர அச்சுகளில் முதலில் காணாமல் போவது இவைதான். குறிப்புகள் கொண்ட பதிப்பு என்றால் நல்லது. ஆனால் முன்னால் இருக்கும் பேராசிரியர் கட்டுரையைக் கடைசியில் படியுங்கள். அது முழுக் கதையையும் சொல்லிவிடும்.

சுமார் 80,000 சொற்கள். நாளுக்கு 10 பக்கம் என்று வைத்தால் மூன்று வாரத்தில் முடியும். வாக்கியங்கள் நீளமானவை, அரைப்புள்ளி வரும் இடமெல்லாம் மூச்சு விடும் இடம் என்று வைத்துக்கொண்டு தினமும் ஒரு பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் படிக்கும்போது சிக்கிய வாக்கியம் காதுக்குப் பெரும்பாலும் பிடிபடும். தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதியைத் தூக்காதீர்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு சொல் போதும். அதிலும் வினைச்சொல்லாகத் தேர்ந்தெடுங்கள். துணிவகை, நகை, பழைய உணவு இவற்றின் பெயர்கள் வரிசையாக வரும்போது ஓசையை ரசித்துக்கொண்டே கடந்துவிடலாம்.

*தொடக்கத்திலேயே உத்தரத்தில் தொங்கும் ஒரு மூர் (வட ஆப்பிரிக்க முஸ்லிம்) இனத்தவரின் தலையை வாளால் வெட்டி விளையாடுகிறான். படிக்கவே கூசுகிறது.*
— ஆய்வு மாணவர், புதுச்சேரி

கூச வேண்டிய இடம்தான். மறைத்துவிட்டு ரசிக்கச் சொல்ல மாட்டோம். இந்தப் பையன் ஆண்தான், அதில் சந்தேகமே வேண்டாம் என்று முதல் வாக்கியம் உறுதி சொல்வதும், அந்தக் கொடூர விளையாட்டும் ஒரே மூச்சில் வருகின்றன. ஆண்மை, குலப்பெருமை, பிறநாட்டார் தலைகள் மூன்றும் ஒரே வீட்டின் உத்தரத்தில் தொங்குவதை உல்ஃப் காட்டுகிறார். ஆனால் நாவல் முழுக்க அந்த விழிப்பு இருக்கிறது என்று சொல்ல முடியாது. கறுப்பினத்தவரையும் ஜிப்ஸிகளையும் பற்றிய சில சொற்களும் பார்வைகளும் அவர் வர்க்கத்தின் வழக்கப்படியே வருகின்றன. வாசகர் வட்டத்தில் பேசும்போது இதைத் தனிக் கேள்வியாகவே எடுங்கள்.

*படத்தை முதலில் பார்க்கலாமா?*
— வாசகி, சேலம்

புத்தகத்தில் நான்கு அத்தியாயம் முடித்த பிறகு பாருங்கள். சாலி பாட்டர் இயக்கி, டில்டா ஸ்வின்டன் நடித்து 1992இல் வந்தது. 18ஆம் நூற்றாண்டு உடையில் செடிவேலிப் புதிருக்குள் ஓடி, விக்டோரியா கால உடையில் வெளியே வரும் காட்சி, நாவலின் கருமேகத்துக்கு இணையான சினிமா வழி. ஆனால் படம் தன் நிகழ்காலம் வரை போகிறது. புத்தகத்தில் ஆர்லாண்டோவுக்கு மகன், படத்தில் மகள்.

*எங்கள் வாசகர் வட்டத்தில் எட்டு பேர். ஒரே கூட்டத்தில் பேசி முடிக்க முடியுமா?*
— அமைப்பாளர், நாகர்கோவில்

மூன்று கூட்டம் வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு அத்தியாயம். ஒரே கூட்டத்தில் அடைத்தால் பேச்சு முழுவதும் பெண்ணாக மாறுவதிலேயே போய்விடும். கடைசி அத்தியாயம் அநாதையாக நிற்கும். கூட்டம் தொடங்குமுன் ஒருவர் ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கட்டும்: முதல் கூட்டத்தில் உறைபனி, இரண்டாவதில் கருமேகம், மூன்றாவதில் லண்டன் பல்பொருள் அங்காடியின் லிஃப்ட்.

அந்த லிஃப்ட் பக்கத்துக்கு அரை மணி ஒதுக்குங்கள். பையனுக்குப் பூட்ஸ், குளியல் உப்பு, மத்தி மீன் என்ற பட்டியலோடு ஆர்லாண்டோ கடைக்குள் நுழைகிறாள். ஒவ்வொரு தளத்திலும் கதவு திறக்கும்போது உலகத்தின் ஒரு துண்டு அதன் வாசனையோடு தெரிகிறது. 18ஆம் நூற்றாண்டில் எது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும், இப்போதோ காற்றில் மேலே போகிறேன், அமெரிக்காவில் பேசுவது கேட்கிறது, மனிதர்கள் பறக்கிறார்கள், எப்படி என்று எனக்குத் தெரியவில்லை, ஆகவே மந்திரத்தில் நம்பிக்கை திரும்புகிறது என்று நினைக்கிறாள். மெழுகுவத்தி வாசனை ஒன்று வீச, 300 ஆண்டுக்கு முந்தைய சாஷா கண்முன் வருகிறாள். மற்ற அத்தியாயங்களில் மாயம் காலத்தில் இருந்தது, இங்கே மின்தூக்கியில் இருக்கிறது. உறுப்பினர்களிடம் கேளுங்கள்: எந்த மாயத்தை நாவல் விளக்க மறுக்கிறது, எதை விளக்க முயல்கிறது? பேச்சு தானாக ஓடும்.

*முடித்துவிட்டேன். இதேபோல் அடுத்து எது?*
— வாசகர், யாழ்ப்பாணம்

குர் அதுல் ஐன் ஹைதர் உருதுவில் எழுதி 1959இல் வெளிவந்த நாவல், தமிழில் சௌரியின் மொழிபெயர்ப்பில் ‘அக்னி நதி’. அதில் ஒரே ஆள் நீண்டு வாழ்வதில்லை. கௌதம், சம்பா, கமால் என்ற பெயர்கள் பழங்கால இந்தியாவில் தொடங்கி 20ஆம் நூற்றாண்டு வரை வெவ்வேறு பிறவிகளாகத் திரும்பத் திரும்ப வருகின்றன. பெயர் வரும் இடமெல்லாம் எந்தக் காலத்துக் கௌதம் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டால் குழப்பம் வராது. தமிழிலேயே எழுதப்பட்டது வேண்டுமென்றால் ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’, 1997. அதன் மூன்று பகுதிகளும் கால வரிசையில் இல்லை; இரண்டாம் பகுதி முதல் பகுதிக்கு முந்தைய காலத்தில் நடக்கிறது. அச்சில் இருக்கும் வரிசையிலேயே படியுங்கள். முதல் பகுதியில் தெய்வமாகவும் ஐதிகமாகவும் கேள்விப்பட்டவர்களை இரண்டாம் பகுதியில் ரத்தமும் சதையுமாகச் சந்திப்பதுதான் அதன் ருசி. காலவரிசைக்காக மாற்றிப் படித்தால் அது போய்விடும்.